சிங்கப்பூர் செர்ரியும் காட்டிலாகா ஜீப்பும்

செடி விற்கிற தொழிலில் கன்று பட்டுப்போனால் பழி நமக்கு, தழைத்தால் கைராசி வாங்கினவர்களுக்கு. நர்சரி வைத்திருக்கும் சக பாவிகளே, நான் கொச்சி மட்டாஞ்சேரியில் விற்ற சிங்கப்பூர் செர்ரி தழைத்தது. பழியும் எனக்கே வந்தது.

கேக்கு மேல்

நம் ஊரில் தேன்பழம், இங்கே பஞ்சாரப்பழம். எங்கிருந்தோ வந்த மரம், எங்கே விட்டாலும் வளரும். பேக்கரி சேட்டன் ஒருவர் செர்ரி என்ற பேரைக் கேட்டதுமே ஒரு கன்று வாங்கிப் போனார். காய்த்ததும் ஒரு கை பழத்தோடு திரும்பி வந்தார். தொட்டாலே நசுங்குகிற குட்டிப் பழங்கள். "சேச்சி, இத கேக்கு மேல வெச்சா உறும்புதான் வரும், ஆளு வராது."

நல்ல விதமாக

மலையாற்றூர்ப் பக்கம் காட்டோரத்தில் விடுதி நடத்துகிறவர், சீக்கிரம் நிழல் வேண்டுமென்று நாலைந்து கன்று எடுத்துப்போனார். பழம் தின்ற வவ்வால்கள் சும்மா இருக்குமா? காட்டுக்குள் அதே மரம் முளைத்துக் கிடக்கிறதென்று வனக்காவலர் வந்து விசாரித்திருக்கிறார். விடுதிக்காரர் எனக்கு போன் செய்தார். கேஸ் என்று வந்தால் கடையை மூட வேண்டியதுதான், எங்களுக்கு வேறு பிழைப்பு கிடையாது. அவரோ பயப்பட வேண்டாமென்று ஆறுதல் சொன்னார்: "சேச்சி பேரச் சொல்லிட்டேன். பேடிக்கண்டா, நல்ல விதமாத்தான் சொன்னேன்."

ஜீப் வந்தது

அந்த வாரமே கடை வாசலில் ஜீப் நின்றது. என் வீட்டுக்காரர் செர்ரிக் கன்றுகளைத் தென்னம்பிள்ளைகளுக்குப் பின்னால் தள்ளினார். காவலர் நேரே அங்கேதான் போனார். கடை எத்தனை வருஷமாக இருக்கிறது என்று கேட்டார். மூன்று என்றேன். அவர் சிரித்தார். காட்டில் நிற்கிற மரங்கள் கட்டிப்பிடிக்கிற பருமனாம், அந்த விடுதிக்கே மூத்தவையாம். யார் நட்டது என்று கேட்டேன், வவ்வாலைச் சொன்னார். காட்டோரத்து ஆட்களுக்கு மட்டும் இனி விற்க வேண்டாம் என்றார். போன உயிர் திரும்பி வந்தது. சாயா வாங்கிக் கொடுத்தேன், எனக்கும் ஒன்று சொன்னேன். குடித்துவிட்டு ஜீப்பில் ஏறப் போனவர் நின்றார்.

"சேச்சி, அதுல ஒண்ணு எனக்கு வேணும். மோளுக்கு அந்தப் பழம் இஷ்டம். வீடு கலூர்லதான், அவிட காடொண்ணும் இல்லல்லோ."

எந்தக் கை கேஸ் எழுதுமென்று பயந்தோமோ அந்தக் கையிலேயே, நல்ல கன்றாகப் பார்த்து எடுத்துக் கொடுக்க வைக்கிற தொழில் நம்முடையது.