நூல் ஏற்றாத தறி

கருமத்தம்பட்டியில் என் மச்சானின் விசைத்தறிக் கூடத்துக்குப் போயிருந்தபோதுதான் அந்த பேங்க் ஆபீசரைப் பார்த்தேன். இஸ்திரி கலையாத சட்டை, சந்தனப் பொட்டு. பேசும்போது முகத்தைப் பார்க்காமல் கைக்குட்டையால் செல்போனையே துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆர்டர் இல்லாமல் தறிகள் நின்று கிடந்தன. மச்சானால் பழைய கடனுக்கே தவணை கட்ட முடியவில்லை. ஆபீசரோ அதை அடைக்க இன்னும் பெரிய கடன் தருவதாகச் சொன்னார்.

"எல்லாத் தறியையும் ஒருக்கா ஓட உடுங்க. போட்டோ எடுத்துக்கறேனுங்க."

"நூலே ஏத்துலீங்களே," என்றார் மச்சான்.

"போட்டோவுல அதெல்லாம் தெரியாதுங்க."

சுவிட்சைப் போட்டதும் கூடமே அதிர்ந்தது. ஒரு முழம் துணி விழவில்லை. அவர் சுற்றிச் சுற்றிப் படமெடுத்தார்.

கடன் கொடுப்பதில் கிடுகிடுவென வளர்கிற பேங்க் என்று செய்தியில் பார்த்து, மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணத்தில் நான் இவருடைய பேங்கின் பங்குகளைத்தான் வாங்கியிருந்தேன். நான் நம்பிய வளர்ச்சி இதுதானா?

அவர் கார் ஏறும்போது ஒன்றும் தெரியாதவன்போல் கேட்டேன்: "ஏனுங்க, உங்க பேங்க் ஷேர் வாங்கலாமுங்களா?"

துடைப்பதை நிறுத்தி, முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"நானெல்லாம் போஸ்ட் ஆபீசுலதானுங்க போட்டு வெக்கறது."

மறுநாளே எல்லாவற்றையும் விற்றேன். அந்தப் பங்கு இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. மச்சான் கேலி செய்கிறார். எனக்கோ, விலை ஏறும் நாளெல்லாம், அந்த ஆபீசர் இன்றைக்கு எந்த ஊரில் படமெடுக்கிறாரோ என்றுதான் தோன்றுகிறது.