திரையில் என் மகளின் கால்சைன்

மாலை மூன்று இருபதுக்கு என் கையிலிருந்த ரேடியோ செட்டின் சின்னத் திரையில் என் மகளின் கால்சைன் வந்தது. பேசியது ஓர் ஆண்.

ஓசூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் அமெச்சூர் ரேடியோக்காரர்களின் மாநாடு. கல்லூரி மாணவியான என் மகள் அதற்கு லைசன்ஸ் வாங்கியிருந்தாள். தனியே அனுப்ப மனமில்லாமல் நானும் போயிருந்தேன். அப்போதுதான் புழக்கத்துக்கு வந்த டிஜிட்டல் ரிப்பீட்டர் ஒன்றைப் பக்கத்துக் குன்றில் வைத்திருந்தார்கள். கைச்செட்டில் பேசுவதை வாங்கித் தொலைவுக்கு அனுப்பும் பெட்டி. எந்தச் செட்டிலிருந்து பேசினாலும் அதன் சொந்தக்காரரின் கால்சைன், அதாவது லைசன்ஸில் தரும் அடையாள எழுத்துகள், கேட்பவரின் திரையில் தானாக வரும்.

அது எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று பார்க்க, பெங்களூர்க்காரர் ஒருவர் மகளை ஜீப்பில் கூட்டிப்போனார். அவள் கெலமங்கலத்தில் இறங்கிப் பேச வேண்டும். அவர் தளி வரை போய்ப் பேசுவார். எனக்குக் கேட்க மட்டும் ஒரு செட் தந்திருந்தார்கள்.

இப்போது திரையில் அவள் கால்சைன் தெரிய, அவர் கன்னடத்தில் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார்.

மாநாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் ஓடினேன். திரையைப் பார்த்தார். "செட் மாறியிருக்கும் மேடம். ரெண்டும் ஒரே மாடல்."

"அப்படின்னா அவர் செட் இவகிட்ட இருக்கணுமே. அதுல இவ ஏன் பேசல?"

அவர் தன் செட்டை எடுத்தார். அவளைக் கூப்பிட்டுப் பார்த்தார். அந்த ஆண்தான் பதில் சொன்னார். எனக்குத் தெரிந்தது கடைவீதிக் கன்னடம். "இல்லி இல்ல" என்பது மட்டும் புரிந்தது. இங்கே இல்லை.

"கெலமங்கலத்துல இறங்கிட்டாங்களாம்," என்றார் பெரியவர்.

"அவர் சொல்றார். நீங்க நம்புறீங்களா?"

"பத்து வருஷப் பழக்கம் மேடம்."

"எங்க பழகினீங்க?"

"ரேடியோவுலதான்."

"முகம் பார்த்திருக்கீங்களா?"

"இன்னைக்குக் காலைலதான்."

நானே பேசுகிறேன் என்று பட்டனில் விரல் வைத்தேன். "லைசன்ஸ் இல்லாம அமுக்கக் கூடாது," என்று செட்டை வாங்கிக்கொண்டார். அவரையும் சந்தேகப்பட்டேன். சாம்பார் சாதம் பரிமாறிக்கொண்டிருந்தவர்களைக்கூட. முகம் தெரியாமல் பத்து வருஷம் பேசுகிற கூட்டத்தில் பெண்ணைக் கொண்டுவந்து விட்டோமே! மகளின் மொபைலுக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. கட்செய்து மறுபடி, மறுபடி. இன்றைக்கும் அவள் ஒருமுறை போனை எடுக்காவிட்டால் அந்தச் சிரிப்புதான் எனக்குக் கேட்கிறது.

போலீசுக்குப் போகலாம் என்று வாசலுக்கு வந்தபோது, கெலமங்கலம் பஸ்ஸிலிருந்து இறங்கி மகள் சாலையைக் கடந்து வந்தாள். கையில் செட். தனியாகத்தான் வந்தாள். பையும் போனும் ஜீப்போடு போய்விட்டிருந்தன; கையிலிருந்த சில்லறையில்தான் பஸ் ஏறியிருந்தாள்.

"ஏண்டி பேசல?" என்று கத்தினேன்.

"இது அவர் செட்டும்மா. நான் பேசினா அவர் கால்சைன்ல போகும். அடுத்தவங்க கால்சைன்ல எப்படிப் பேசறது?" என்றாள். பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "ஒரு ரூபா போன்லேர்ந்து எத்தனை தடவை உன்னைக் கூப்பிட்டேன் தெரியுமா? எப்பவும் பிஸி. அப்படி யார்கூடம்மா பேசிட்டிருந்த?"