மடியான ஃப்ரீசர்

மயிலாப்பூர்ப் பெண் செத்த புறாவைப் பொறுக்குகிறாள் என்று மாடவீதி முழுக்கப் பேச்சு. நீரஜா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தொண்ணூற்று மூன்றில் புறாக்கள் கழுத்து கோணி, சுற்றிச் சுற்றி விழுந்து கொத்துக்கொத்தாகச் செத்தன. அவற்றின் மூளையையும் குடலையும் எடுத்து, அடையாறில் தான் ஆராய்ச்சி செய்த லேபின் ஃப்ரீசரில் உறைய வைத்திருந்தாள். கோழிகளைக் கொல்லும் வைரஸ்தான் புறாக்களையும் கொன்றதா என்று நிரூபித்தால் டாக்டர் பட்டம். மூன்று வருஷம் நாயாய் உழைத்தாகிவிட்டது. கடைசிச் சோதனைதான் பாக்கி.

ஒரு திங்கட்கிழமை லேப் கதவைத் திறந்தாள். அப்பப்பா, என்ன நாற்றம்! அவள் பைகளெல்லாம் மேஜைமேல் கிடந்தன. உள்ளே இருந்தவை இளகி, அழுகி, பழுப்பு நீராக வழிந்து ஈ மொய்த்தது. பதறிப்போய் ஃப்ரீசரைத் திறந்தால், ஒரு தூக்குவாளியில் மிஞ்சிய பால்!

லேபின் தலைவர் வைத்தமாநிதி சாவகாசமாக வந்தார். அவளுடைய கைடும் அவர்தான்.

“கோச்சுக்காதேம்மா. நேத்திக்கு மாட்டுப்பொண்ணுக்குச் சீமந்தம். எங்காத்து ஃப்ரிட்ஜ்ல சாதம், சாம்பார்னு சமைச்சது பட்டு எல்லாம் பத்தாயிடுத்து. மடியாப் பால் வைக்க வேற இடம் பாருங்கோன்னு என் ஆத்துக்காரி பங்கஜம் ஒத்தக்கால்ல நின்னா. இங்க சமைச்ச பதார்த்தமே வச்சதில்லையோன்னோ? சுத்தம்!”

சுத்தமாம்! புறாக்குடல் கிடந்த பெட்டி சுத்தம், சாம்பார் வைத்த பெட்டி அசுத்தம். என்ன மடியோ, கண்றாவி!

“சார், என் மூணு வருஷம் போச்சு.”

“எங்கே போச்சு? சோதனையில என்ன வரப்போறதுன்னு நோக்குத் தெரியாதா? வந்துடுத்துன்னு எழுது. நான் கையெழுத்துப் போடறேன்.” ஒரு டப்பாவை நீட்டினார். “பால் பாயசம். பேஷா இருக்கும்.”

அவள் டப்பாவைத் தொடவில்லை. “ஃப்ரீசர்ல என்ன இருந்துதுன்னு மாமிகிட்டச் சொன்னேளா?”

அவர் முகம் வெளுத்தது. “மூச்சு விட்டுடாதே! பிராயச்சித்தம் அது இதுன்னு என் பிராணனை வாங்கிடுவா.”

பிள்ளைத்தாச்சிப் பெண் குடித்த பாலைப் பற்றி மனுஷருக்கு ஒரு கவலையும் இல்லை. பெண்டாட்டிக்குத்தான் பயம். தூ!

அடுத்த வாரம் ஆராய்ச்சிக் கூட்டம். முடிவைச் சொல்ல நீரஜா எழுந்தாள். முடிவென்று ஒன்றும் இல்லை, மாதிரிகளை வெளியே எறிந்துவிட்டு ஃப்ரீசரில் சீமந்தத்துப் பாலை வைத்தார்கள் என்று போட்டு உடைத்தாள். யாருக்காவது கோபம் வரும் என்று நினைத்தாள், பாவம். கூடம் அதிரச் சிரித்தார்கள்.

“பாயசம் எங்களுக்கு இல்லையா சார்?” என்றார் ஒரு பேராசிரியர். எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவர் வைத்தமாநிதி.

“விளையாட்டு போதும்மா. ரிசல்ட்டைப் படி.”

“இல்லாத ரிசல்ட்டைப் படிக்க மாட்டேன். இந்த மனுஷர் கையெழுத்துல வர பட்டமும் எனக்கு வேண்டாம்.”

விடுவிடுவென்று வெளியே வந்தவள், குரோட்டன்ஸ் செடியடியில் குனிந்து குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள். உள்ளே அடுத்தவரின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.