விமானம் இல்லாத விமானப் படிப்பு

படிப்பிக்கிறது லேசு, புதுசா ஒரு படிப்பை உண்டாக்கிறதுதான் சீவன் போற வேலை. பாடத்திட்டம் எழுதிக்கொண்டு கூட்டத்துக்குக் கூட்டம் ஏறி இறங்கின ஆக்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. என்ர தலையில விழுந்தது விமானத்துறைக் கலாநிதிப் படிப்பு, அதான் பி.எச்.டி. எஞ்சின் ஒண்டும் இல்ல. பயணிகள், பாதுகாப்பு, சட்டம், நிருவாகம்.

ஓடுபாதை

மட்டக்களப்பில எங்கட பல்கலைக்கழகப் பீடச் சபைக்கு முதல் வரைவைக் கொண்டு போனன். நாங்க விமானம் செய்யவும் மாட்டம், ஓட்டவும் மாட்டம் எண்டு தொண்டை வரள விளங்கப்படுத்தினன். எல்லாரும் தலையாட்டினாங்க. மறுகா கணக்குப் பகுதிப் பெரியவர் மெல்லக் கேட்டார்: "எல்லாம் சரி சேர், பிளேனை எங்க நிப்பாட்டுற?"

பயணியும் சாமானும்

இந்தப் படிப்புக்காகக் காத்திருந்த ஒரே ஆள் ஹசீனா. எங்கட துறையில தற்காலிக விரிவுரையாளர், காத்தான்குடிப் புள்ள, முகாமைத்துவத்தில முதுமாணி. உம்மா படுத்த படுக்கை. விட்டுட்டு வெளிநாடு போய்ப் படிக்கேலாது. இங்க தொடங்கினா உண்டு, இல்லாட்டி இல்ல. அவட வாப்பா கட்டாரில வேலை செய்யக்குள்ள மௌத்தானவர். அப்படி மௌத்தாகிற ஆக்களிட உடலை விமானத்தில எப்படி அனுப்புறாங்க, வீட்டாக்கள் என்ன பாடு படுறாங்க, இதுதான் அவ ஆராய நினைச்ச தலைப்பு.

துறைக் கூட்டத்தில ஒருத்தர், "இதுக்குள்ள விமானத்துறை எங்க இருக்கு?" எண்டு கேட்டுட்டார். எனக்குக் கோவம் தலைக்கேறிட்டு. ஹசீனா சத்தம் போடல்ல. "போகக்குள்ள வாப்பா பயணி, சேர். வரக்குள்ள சாமான் இறக்கிற பக்கத்தால வந்தார். நடுவுல என்ன நடந்த எண்டு எனக்குத் தெரியணும்."

தரம்

கொழும்பில இருந்து அனுமதி வந்திட்டு எண்டதும் கன்டீனில எல்லாருக்கும் தேத்தண்ணி வாங்கிக் குடுத்தன். என்ர அவசரம்! அனுமதிக் கடிதத்திட கடைசிப் பக்கத்தை மறுகாதான் வாசிச்சன். சேர விரும்புற ஆக்களுக்குப் பொறியியல் பட்டம் கட்டாயமாம். "ஐயோ, இது பொறியியல் சாராத படிப்பெண்டு அட்டையிலயே போட்டிருக்கே!" எண்டு எங்கட வரைவைப் பாத்த கொழும்பு மதிப்பீட்டாளருக்கு ஃபோனில கத்தினன். அந்த மனுசன் ஆறுதலாச் சொன்னார்: "ஓம், வாசிச்சன். ஆனா விமானம் எண்டா ஒரு தரம் வேணும்தானே? முதல் அணி படிச்சு முடியட்டும், பிறகு பாப்பம்."

தலைப்பு

ஹசீனாவை என்ர அறைக்குக் கூப்பிட்டன். கடிதத்தையே கையில குடுத்தன். வாசிச்சிட்டுக் கண்ணைத் துடைச்சா. நானும் அழுதிட்டன், இதில வெக்கமென்ன. போகக்குள்ள கதவடியில நிண்டு சொன்னா: "ஆராவது இன்ஜினியர் சேர்ந்தா என்ர தலைப்பை அவருக்குக் குடுங்க சேர். வாப்பாட கதை எழுதாமக் கிடக்கக் கூடாது."

பொறியியல் சாராத எங்கட கலாநிதிப் படிப்பு இப்ப ஒரு பொறியியலாளர் வருவாரெண்டு பாத்துக்கொண்டிருக்கு.