அந்தக் கண்டன்சர் யாருடைய கண்டுபிடிப்பு?

இருபத்து மூன்று வயதில் என்னைத் திருடன் என்று நினைத்தார்கள், மக்களே!

எண்பதுகளின் தொடக்கம். திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய ஒரு தனியார் களஞ்சியத்தில் நான் மின் தொழில்நுட்பவியலாளர். (பெயர்தான் பெரிது. வேலை பல்ப் மாற்றுவது!)

சீனி மூட்டைகளை எண்ண அங்கே ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் வந்தது. பெல்ட்டில் போகும் மூட்டை ஒரு சுவிட்சைத் தட்டும், கம்ப்யூட்டர் எண்ணும்.

ஆனால் ஒரு மூட்டை போனால் மூன்று என்று காட்டியது!

தட்டுப்பட்டதும் சுவிட்ச் அதிர்ந்து, ஒரு தட்டே பல தட்டாகப் பதிவதுதான் காரணம். அந்த அதிர்வை அடக்க ஒரு கண்டன்சரும் ஒரு ரெசிஸ்டரும் வைத்துப் பற்றவைத்தேன். கணக்குச் சரியாகிவிட்டது.

அடுத்த வாரம், மெஷினை விற்ற கம்பனியின் இஞ்சினியர் கொழும்பிலிருந்து வந்தார். பெட்டியைத் திறந்து நான் பற்றவைத்ததைக் கண்டதும் அவர் முகம் மாறியது.

"தம்பி, இது எங்கட புது மொடலில இருக்கிற டிசைன். பேட்டன்ட் எடுத்தாச்சு. எங்க பார்த்துப் போட்டனீர்?"

"ஒண்டையும் பார்க்கேல்லை சேர். ரேடியோ திருத்திற ஆருக்கும் இது தெரியும்."

"விடை தெரிஞ்ச பிறகு எல்லாம் லேசாத்தான் இருக்கும். கழட்டும். இல்லாட்டி கேஸ் வரும்."

எங்கள் களஞ்சிய மனேஜர் என்னையே பார்த்தார். வேலை போகப்போகிறது என்றே நினைத்தேன்.

சட்டென்று ஒரு யோசனை!

"சேர், விடை தெரியாத ஒராளைக் கேட்டுப் பார்ப்பமா?"

மனேஜர் ஆள் அனுப்ப, அக்கரையில் கிண்ணியாவில் ரேடியோ திருத்தும் நசூர் நானா, அதாவது நசூர் அண்ணன், படகேறி வந்தார். (கம்ப்யூட்டரை அவர் அதுவரை கண்டதே இல்லை!) நான் போட்டதைக் கழற்றி ஒளித்துவிட்டு, இஞ்சினியரே கேட்டார்:

"ஒண்டு போனா மூண்டு எண்ணுது. என்ன செய்வீங்கள்?"

நானா சுவிட்சை இரண்டு தரம் தட்டிப் பார்த்தார்.

"சுவிச்சு துள்ளுது. ஒரு கண்டன்சரும் ரெசிஸ்டரும் போட்டா அடங்கிரும். இதுக்கா என்னைக் கடல் தாண்டிக் கூப்பிட்டீங்க?"

கொடுத்த தேநீர் இன்னும் ஆறவில்லை!

இஞ்சினியர் வாய்விட்டுச் சிரித்தார். "சரி தம்பி, கழட்டினதைத் திரும்பப் பூட்டும். இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான் எண்டு கம்பனிக்கு நான் எழுதிறன்."

நானாவைக் கட்டிப்பிடித்துவிட்டேன்! அவருக்கோ ஒன்றும் விளங்கவில்லை.

புதிதாக ஒன்றைக் கண்டவருக்கு உரிமை வேண்டும்தான். ஆனால் தொழில் தெரிந்த எவரும் உடனே சொல்லிவிடும் ஒன்றை, ஒரு கம்பனி தன்னுடையது என்று பூட்டி வைக்கலாமா?

நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?