கறுப்புக்கு எதற்குக் குடை?

மே பதினான்கு, காலை மணி பதினொன்று இருபது. அம்பத்தூரில் நூற்று ஆறு டிகிரி வெயில், மேகம் ஒன்றுகூட இல்லை. டாக்டர் எழுதித் தந்த வெயில் க்ரீமை மருந்துக்கடையில் கேட்டேன். கவுண்டரில் நின்ற பெண் என் காதிலிருந்த மருந்துக் கட்டைக் கவனிக்காமல் முகத்தை மட்டும் பார்த்துச் சிரித்தாள்.

“இன்னா தாத்தா, இந்த வயசுல கலராவப் போறீங்களா?”

இதே சிரிப்பை ஒன்பது வயதில் ஆவடி குவார்ட்டர்ஸில் கேட்டிருக்கிறேன். ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து வீட்டுக்கு ஆயிரத்து நூற்று நாற்பது தப்படி. நாங்கள் மூன்று பேர், குடை ஒன்று. அம்மாவும் அக்கா ஸ்டெல்லாவும் குடைக்குள் வருவார்கள். உருகிய தாரில் செருப்பு ஒட்ட ஒட்ட நான் வெளியே நடப்பேன். குடைத்துணியின் பாச்சா உருண்டை வாசனைதான் என் பங்கு.

“நானும் உள்ள வரேம்மா.”

“அவ பொண்ணுடா, கறுத்துட்டா எவன் கட்டுவான்? நீதான் ஏற்கெனவே அட்டக்கறுப்பா கீறியே. வெயில் உன்னை இன்னா பண்ணும்?”

அக்கா சிரிப்பாள்.

என்ன பண்ணும் என்று அறுபத்திரண்டு வருடம் கழித்து டாக்டர்தான் சொன்னார். காது மடலில் ஆறாத புண், தோல் புற்று, வெயில் செய்த வேலை. கறுப்புத் தோலையும் வெயில் கெடுக்கும் என்று வீட்டிலோ பள்ளியிலோ ஒருவர், ஒரே ஒருவர் சொல்லியிருக்கக் கூடாதா? எங்கள் வீட்டில் குடை வாங்கியது கல்யாணத்துக்காக, தோலுக்காக அல்ல.

“கலருக்கு இல்லம்மா,” என்றேன். “மிச்சம் இருக்கிற காதுக்கு.”

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பில் போட்டாள். ஆக மொத்தம், காது மடலில் வெட்டி எடுத்தது அரை அங்குலம், ஏழு தையல், க்ரீமோடு சேர்த்துப் பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய்.