இல்லாத பட்டனும் என் மகளும்

பிள்ளைகளே, ஒருநாள் என் மகளை அநியாயமாக ஏசிவிட்டேன்.

உப்புவெளியில் எங்கள் மீனவர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். மறுநாள் கூட்டத்துக்கு உறுப்பினர் பெயர்களை அகர வரிசையில் அச்சிட வேண்டும். சங்கக் கணினியில் இருப்பது இலவசமான திறந்த மூல மென்பொருள். இணையத்தில் கிடைத்த அதன் கையேட்டை அச்செடுத்து, புத்தகம்போல் மட்டையும் கட்டி வைத்திருந்தேன். ‘மேலே மூன்றாவது பட்டனை அழுத்துக’ என்றது கையேடு. அப்படியொரு பட்டனே இல்லை.

“நீதான் விளையாடி அழிச்சுப்போட்டாய்!” என்று, அந்தக் கணினியில் அடிக்கடி விளையாடும் மகளிடம் கத்தினேன். அவள் அழுதாள்.

கிண்ணியாவில் கணினி படிப்பிக்கும் நண்பர் நாசரை போனில் பிடித்து, பட்டன் காணாமல் போன கதையைச் சொன்னேன்.

“அண்ணன், புத்தகம் எத்தனையாம் பதிப்புக்கு?”

முதல் பக்கத்தைப் பார்த்தேன். “நாலு.”

“கொம்பியூட்டரில இருக்கிறது?”

“ஏழு.”

அவர் சிரித்தார். “கிண்ணியாவுக்குப் பாலம் போட்டாச்சு. நீங்க இன்னும் துறையில நிண்டு படகுக்குக் கை காட்டுறீங்க! அந்த மென்பொருளின்ர சொந்தத் தளத்தில ஏழாம் பதிப்புக் கையேடு இருக்கு, எடுங்க.”

எடுத்தேன். பட்டன் வேறொரு பட்டியலுக்குள் சொகுசாக இருந்தது. பெயர்கள் வரிசையில் வந்து நின்றன.

மகளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

“ஓம் அப்பா. இனி முதல்ல நம்பரைப் பாருங்கோ, பிறகு ஏசுங்கோ” என்றாள்.

அப்படித்தான் செய்கிறேன். நம்பரைப் பார்த்து முடிந்தபின் ஏசுவதற்கு ஆள் மிஞ்சுவதில்லை.